உதயகுமார் தலையாட்டிய ஞாயிறு

உதயகுமார் எங்கள் வீட்டுப் படியேறி வந்தபோது கதவை முகத்தில் அறைந்து சாத்தலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் யோசித்தேன். ஐந்து வருடமாக யாரை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேனோ அந்த ஆளே செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்கிறார். எதற்காகத் துரத்த வேண்டும்? "வாங்க சார், உள்ள வாங்க" என்றேன்.

அவரைத் தெரியாதவர்கள் அப்போது மைசூரில் குறைவு. எங்கள் பகுதிக் கேபிளில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு 'ஜோடி காபி' என்று ஒரு நிகழ்ச்சி வரும். கல்யாணமாகாத ஒரு பெண்ணையும் ஒரு ஆணையும் எதிரெதிரே உட்காரவைத்து, காபி குடித்துக்கொண்டே பேசவிட்டு, கடைசியில் 'பிடித்திருக்கிறதா' என்று கேட்பார்கள். அதை நடத்துகிறவர் உதயகுமார். குண்டலுபேட்டைத் தமிழர். ஆனால் டிவியில் கன்னடத்தில் அப்படியே குழைவார். வீடுகளுக்கு வந்தால் தமிழில் குழைவார்.

"ஜோதிமணி அவரே, நம்ம புரோகிராமுக்கு அஞ்சு வருஷம் ஆச்சு. பழைய ஜோடிங்களை மறுபடியும் கூப்பிட்டுப் பேசறோம். முதல்ல உங்க பழைய எபிசோடு ஓடும். அப்புறம் நீங்க வந்து, இப்ப எப்படி இருக்கீங்கன்னு சொல்லணும், அஷ்டே, அவ்வளவுதான்." பேசிக்கொண்டே என் கழுத்தைப் பார்த்தார். வெறும் கழுத்து என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னும் ஆகலியாம்மா? பரவால்ல. ஜனங்களுக்கு அதுதான் வேணும். பேசறப்போ அழுகை வந்தா அடக்காதீங்க."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "போயிட்டு வா அம்மணி. போன தடவ போயிச் சிரிச்சாச்சு. இந்தத் தடவ அழுதுபோட்டு வந்தீன்னா கணக்கு சரியாயிரும்."

உதயகுமார் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். எனக்குக் காதிரண்டும் சுட்டது. அவர் செய்ததைவிட அம்மா அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டியதுதான் என்னை அதிகம் தின்றது. "வர்றேன் சார்" என்றேன்.

கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு ராமாபுரம் என்கிற கிராமம் பூர்வீகம். அப்பா கொத்தனார் வேலைக்கென்று மைசூருக்கு வந்தவர். எனக்கு இருபத்திரண்டு வயதில் அவர் போய்ச் சேர்ந்தார். அதற்குள் நான் ஹெப்பால் பக்கத்து ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்திருந்தேன். எல்லா வீட்டையும் போல எங்கள் வீட்டுக்கும் பெண் பார்க்க வந்தார்கள். மூன்று முறை வந்தார்கள். நான் காபித் தட்டோடு போவேன், குனிந்து கொடுப்பேன், உள்ளே வந்து கதவுக்குப் பின்னால் நிற்பேன். முன்னறையில் பெரியவர்கள் பேசுவார்கள். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். மூன்று முறையும் ஏதோ சொல்லி அனுப்பினார்கள். உனக்குப் பிடித்திருக்கிறதா என்று என்னை ஒரு ஈ காக்கைகூடக் கேட்டதில்லை.

தொண்ணூற்று நான்கில், எனக்கு இருபத்தெட்டு வயதானபோது, 'ஜோடி காபி' ஆரம்பித்தது. "இங்கே பெண்ணும் உட்கார்ந்து காபி குடிப்பாள். பெண்ணும் பதில் சொல்வாள்" என்று விளம்பரம் செய்தார் உதயகுமார். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் நானே ஒரு போஸ்ட்கார்டு எழுதிப் போட்டேன். மாப்பிள்ளை கிடைப்பான் என்று போகவில்லை. என்னை ஒருவர் கேட்க வேண்டும், நான் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

எனக்கு எதிரே உட்காரவைத்த ஆள் பெயர் கணேஷ்குமார். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. கெட்டவன் என்று சொல்லமாட்டேன். ஆனால் காபியில் முதல் வாய் குடிப்பதற்குள், கல்யாணமானதும் வேலையை விட்டுவிட வேண்டும் என்றான். இரண்டாவது வாய்க்குள், எங்கள் அம்மா கிழித்த கோட்டை யாரும் தாண்டக் கூடாது என்றான். மூன்றாவது வாயில், நீங்கள் சிரிக்கும்போது பல் தெரிகிறது, வாயை மூடிச் சிரித்துப் பழகுங்கள் என்றான். உதயகுமார் என் பக்கம் திரும்பி, "நிம்ம உத்தர?" என்று கேட்டார். உங்கள் பதில்?

"பேடா" என்றேன். வேண்டாம். அதோடு நிறுத்தவில்லை. "இவர்கூட ஒரு காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ளயே எனக்கு மூச்சு முட்டுது. ஆயுசு பூரா முடியாது" என்றேன். சொன்னதும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. கேமராக்காரர் தொட்டையன் வாய்விட்டுச் சிரித்தது இன்றும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. அவர்களிடம் இருந்தது ஒரே கேமரா. பேசுகிறபோது ஒரு பக்க முகத்தைத்தான் எடுக்க முடியும். ஆகவே பேச்செல்லாம் முடிந்த பிறகு, ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, கேட்டுக்கொண்டிருப்பதுபோல முகத்தை மட்டும் எடுப்பார்கள். அதற்கு 'ரியாக்‌ஷன்' என்று பெயர். எதிர் நாற்காலியில் ஆள் இருக்காது. "சும்மா சிரிங்கம்மா. தலையாட்டுங்க. இப்ப லேசா குனிங்க. ஹா, வெட்கப்படுற மாதிரி" என்று உதயகுமார் சொல்லச் சொல்ல ஐந்து நிமிடம் செய்தேன். சொன்னதைச் செய்தேனே தவிர எதற்கென்று கேட்கத் தோன்றவில்லை. மனசு நிறைந்திருந்தது. சிரிப்பு தானாகவே வந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "பேடான்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிப்போட்டேன்மா" என்று அவன் முகம் போன போக்கை நடித்துக்கூடக் காட்டினேன். அம்மா நிமிரவே இல்லை. முறத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தோம். வேலையை விட்டுவிட வேண்டும் என்கிறான் கணேஷ்குமார். நான் சிரித்துத் தலையாட்டுகிறேன். அம்மா கிழித்த கோடு என்கிறான். நான் பணிவாகக் குனிகிறேன். வாயை மூடிச் சிரிக்க வேண்டும் என்கிறான். நான் வெட்கப்படுகிறேன். உங்கள் பதில் என்று உதயகுமார் கேட்கிறார். நான் இன்னும் வெட்கப்படுகிறேன். என் 'பேடா' எங்கேயும் இல்லை. கடைசியில் கணேஷ்குமார் நெஞ்சை நிமிர்த்தி, "எனக்குப் பிடிக்கவில்லை. இவர் ரொம்ப அவசரப்படுகிறார்" என்கிறான். அதற்கும் நான் சிரிக்கிறேன்.

மைசூரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "காபி ஆய்தா?" என்று விசாரிப்பது வழக்கம். காபி குடித்தாயிற்றா என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அந்த ஞாயிறுக்குப் பிறகு என்னிடம் மட்டும் அதைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். கம்பெனியில் கேட்டார்கள். பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார். தேவராஜ மார்க்கெட்டில் வெற்றிலைக்காரி கேட்டாள். ராமாபுரத்தில் கேபிள் கிடையாது, அங்கேயாவது தப்பித்தேன் என்று நினைத்தேன். ஒரு சொந்தக்காரர் கேசட்டில் பதிந்து பஸ்ஸில் கொண்டுபோய் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்.

ஊர் பேசியதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பேன். அம்மாவை என்ன செய்வது? "நாந்தான் வேண்டாம்னேன். வெட்டிட்டாங்கம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். "கண்ணால பாத்தனல்லோ? நீதானே பல்லைக் காட்டிக்கிட்டுத் தலையாட்டுனே?" என்றாள். அந்தச் சொந்தக்காரரின் கேசட்டை வாங்கிவந்து போட்டேன். நான் தலையாட்டும்போது என் டம்ளர் காலியாக இருக்கும். அடுத்த காட்சியில் முக்கால் டம்ளர் காபி இருக்கும். ஏனென்றால் ரியாக்‌ஷன் எடுத்தது காபி முடிந்த பிறகு. அதை நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது காபி வாங்கிக் குடிச்சிருப்பே" என்றாள். அன்றிலிருந்து எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும் அது அங்கேதான் போய் முடியும். எனக்குக் கல்யாணம் ஆகாததுபற்றி வருத்தமில்லை. நான் சொன்ன ஒரே ஒரு 'வேண்டாம்' என் வீட்டிலேயே செல்லாமல் போனதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

இப்போது அதே உதயகுமார் என்னை அழக் கூப்பிடுகிறார்.

மறுநாளே தொட்டையனைத் தேடிப் போனேன். தேவராஜ மொஹல்லாவில், ஊதுபத்திக் கடைக்கு மேல்மாடியில் அவருடைய வீடியோ கடை. கல்யாணம், காதுகுத்து என்று எடுப்பார். உதயகுமாருக்குப் படம் பிடிப்பதும் அதை வெட்டி ஒட்டுவதும் அவர்தான். தமிழ்க்காரர்கள் நடுவே வளர்ந்ததால் எங்கள் பேச்சு அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணா, அன்னைக்கு எடுத்த ஒரிஜினல் கேசட் வேணும். வெட்டுறதுக்கு முந்தினது" என்றேன். அது கிடைத்தால் போதும். அம்மா முன்னால் போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பேன்.

தொட்டையன் அலமாரியைக் குடைந்து ஒரு கேசட்டை எடுத்துப் போட்டார். திரையில் ஒரு புது வீட்டு வாசல் வந்தது. ஒரு பசு மாட்டை நாலு பேர் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள். அது வரமாட்டேன் என்று காலை ஊன்றி நின்றது.

"கேசட்டை நாங்க திரும்பத் திரும்ப உபயோகிப்போம் அக்கா. உங்க மேல சாமுண்டிபுரத்து கிரகப்பிரவேசம் ஒண்ணு எடுத்தாச்சு." அவர் தலையைச் சொறிந்தார். "நீங்க பேடான்னு சொன்ன இடத்துலதான் இந்த மாடு நிக்குது."

ஐந்து வருடமாக எனக்கு இருந்த ஒரே சாட்சி அது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அழுதுவிட்டேன்.

தொட்டையன் ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். "தப்பு என்மேலயும் இருக்கு அக்கா. ஒட்டினது இந்தக் கைதான். அந்த கணேஷ்குமார் 'எனக்குச் சம்மதம்'னுதான் சொன்னான், தெரியுமா? அவ பேடாங்கறா, நீ சம்மதங்கறயே, ஊர்ல தலைகாட்ட முடியுமான்னு உதயகுமார் சார்தான் மிரட்டி மாத்திச் சொல்லவெச்சார். உங்களுக்கு மட்டும் இல்ல. பேடான்னு சொன்ன பொண்ணு ஒண்ணையும் இதுவரைக்கும் அவர் காட்டினதில்ல."

"எத்தனை பேரு?"

"எண்ணினதில்ல அக்கா. நிறைய." அவர் டிவியை அணைத்தார். "எனக்கும் வெறுத்துப்போச்சு. அடுத்த வாரம் பெங்களூர் போறேன், அங்க ஒரு ஸ்டுடியோவுல வேலை. உங்களுதுதான் நான் அவருக்குப் பண்ற கடைசி புரோகிராம்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் புத்தி அந்த நிமிடம் வேலை செய்ததுபோல ஜென்மத்தில் வேலை செய்ததில்லை. "இப்பவும் ஒரே கேமராதானா அண்ணா?" என்று கேட்டேன்.

"ஒரே கேமராதான்."

"இப்பவும் ரியாக்‌ஷன் தனியாத்தான் எடுப்பீங்களா?"

தொட்டையன் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஐந்து வருடத்துக்கு முன் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமை காலை சரஸ்வதிபுரத்தில், உதயகுமார் வீட்டு முன்ஹாலில் படப்பிடிப்பு. நான் கத்தரிப்பூ நிறப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். இந்த ஐந்து வருடம் எப்படிப் போயிற்று என்று அவர் கேட்டார். வேலைக்குப் போய்வந்தேன் என்றேன். தனிமை வாட்டவில்லையா என்றார். காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதுதான் வாட்டுகிறது என்றேன். ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லையே என்று அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பதினைந்து நிமிடத்தில் போதும் என்றார்.

"சார், உங்க ரியாக்‌ஷன்" என்று தொட்டையன் கேமராவைத் திருப்பினார்.

உதயகுமார் தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் பார்ப்பதற்கு ஒரு முகம் வேண்டும் என்று எதிரே என்னையே உட்காரச் சொன்னார். ரியாக்‌ஷனுக்கு மைக் கிடையாது என்பதால் எதையாவது பேசிக்கொண்டிருக்கச் சொன்னார். நான் புளிக்குழம்பு எப்படி வைப்பது என்று சொன்னேன். அவர் மெதுவாகத் தலையாட்டினார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு புன்னகை செய்தார். ஐயோ பாவம் என்பதுபோல இடமும் வலமும் தலையை அசைத்தார். நான் வெந்தயத்துக்கு வந்தபோது கைக்குட்டையால் கண்ணோரத்தை ஒற்றிக்கொண்டார். கடைசியில் இரண்டு கைகளையும் கூப்பினார். நடிப்பில் அவரைக் குறை சொல்ல முடியாது.

பிறகு ஒரு கல்லூரி விழாவுக்குத் தலைமை தாங்கப் போவதாகச் சொல்லி ஸ்கூட்டரில் கிளம்பினார். "எடிட் பண்ணி நேரா கேபிள் ரூம்ல கொடுத்துடு" என்று தொட்டையனிடம் சொல்லிவிட்டுப் போனார். ஐந்து வருடமாக அப்படித்தான் வழக்கம். அவர் முன்கூட்டிப் பார்ப்பதே இல்லை.

வீட்டில் அப்போது வேறு யாரும் இல்லை. தொட்டையன் கேமராவை என் பக்கம் திருப்பினார். உதயகுமாரின் காலி நாற்காலியைப் பார்த்து நான் நாலு கேள்வி கேட்டேன். மூன்று கேள்விகளை வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தேன். நாலாவது அங்கேயே வாயில் வந்தது. அதைக் கேட்டதும் தொட்டையன் கண்ணைக் கேமராவிலிருந்து எடுத்தார். "அக்கா, முதல் மூணும் நெசம். இது நெசமான்னு நமக்கென்ன தெரியும்? பேடா அக்கா."

"இருக்கட்டும் அண்ணா. அவன் எனக்குப் பண்ணினது மட்டும் நெசமா?" என்றேன். நான் அப்போது நியாயம் கேட்டுப் போகவில்லை. அவன் தெருவில் நடக்கும்போது நாலு பேர் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஞாயிறு பத்து மணி. அம்மா டிவிக்கு நேர் எதிரே பாய் போட்டு உட்கார்ந்தாள். முதலில் பழைய எபிசோடு ஓடியது. இருபத்தெட்டு வயது ஜோதிமணி பல் தெரியச் சிரித்தாள், குனிந்தாள், வெட்கப்பட்டாள். அம்மா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அப்புறம் உதயகுமார் வந்து வரவேற்றார். முப்பத்துமூன்று வயது ஜோதிமணி பட்டுப் புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "உதயகுமார் சார், அன்னைக்கு நான் 'பேடா'ன்னு தெளிவாச் சொன்னேன். நீங்க அதை வெட்டி எறிஞ்சிட்டு என்னைத் தலையாட்டுற மாதிரி காட்டினீங்க. சரிதானே?" என்று கேட்டாள்.

உதயகுமார் மெதுவாகத் தலையாட்டினார்.

"கணேஷ்குமார் சம்மதம்னு சொன்னதை, பிடிக்கலைன்னு மாத்திச் சொல்லவெச்சது யாரு?"

உதயகுமார் நெஞ்சில் கை வைத்துப் புன்னகை செய்தார்.

"பேடான்னு சொன்ன ஒரு பொண்ணையாவது இந்த அஞ்சு வருஷத்துல நீங்க காட்டியிருக்கீங்களா?"

இடமும் வலமும் தலையை அசைத்தார். பக்கத்து வீட்டிலிருந்து 'ஹோ' என்று சத்தம் கேட்டது. எதிர் வீட்டிலும் கேட்டது. எங்கள் தெருவே ஒரே நேரத்தில் வாய்விட்டுக் கத்தியதுபோல இருந்தது.

"உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு உங்க வீட்டம்மா தினமும் வருத்தப்படுறாங்களாமே, உண்மையா?"

உதயகுமார் கைக்குட்டையால் கண்ணோரத்தை ஒற்றிக்கொண்டு ஊருக்கே கைகூப்பினார். அத்தோடு நிகழ்ச்சி முடிந்தது.

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டால், ஒளிக்காமல் சொல்கிறேன், இனித்தது. ஐந்து வருடக் கசப்புக்கும் சேர்த்து இனித்தது. தெருவில் ஆட்கள் வெளியே வந்து சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். யாரோ கை தட்டினார்கள்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஸ்கூட்டரை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு உதயகுமார் படியேறி வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"கேபிள் ரூமுக்கு அடிச்சு அடிச்சுப் பாக்கறேன், லைனே கிடைக்கல. ஊரே அவனுக்குப் போன் பண்ணிச் சிரிக்குது. நான் எப்ப ஒத்துக்கிட்டேன்? நீ புளிக்குழம்புன்னல்ல சொன்னே?"

"ஆமா சார். குழம்புக்குத்தான் தலையாட்டினீங்க. போயி அடுத்த ஞாயித்துக்கிழமை ஜனங்ககிட்டச் சொல்லுங்க. ரியாக்‌ஷன்னு ஒண்ணு இருக்கு, அதை எப்படி எடுக்கறோம், எப்படி ஒட்டறோம்னு விளக்கமாச் சொல்லுங்க. அப்புறம் இத்தனை வருஷமா வந்த மத்த பொண்ணுங்களும் உங்க வீட்டுக்கு வருவாங்க, வரட்டும்."

மறுத்தால் எல்லாம் வெளியே வரும். மறுக்காவிட்டால் இது உண்மையாகிவிடும். எந்தப் பக்கமும் போக வழியில்லாமல் நடு அறையில் நின்றார்.

"அந்த மூணையாவது விடு. நாலாவது? என் சம்சாரம் உனக்கு என்ன பண்ணினா?" என்றார் மெல்ல. "பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருந்தா. அது பொய்யுன்னு சொல்லுவான்னு திரும்பினேன். 'கரெக்டு'ன்னுட்டு எழுந்து உள்ள போயிட்டா."

நான் அவருடைய மாறிப் போட்ட பொத்தானையே பார்த்தேன். அம்மாதான் பாயிலிருந்து எழுந்தாள்.

"என்னய்யா சத்தம்? பொம்பளைங்க இருக்கற வூட்டுல வந்து? கண்ணால பாத்தமல்லோ? நீதானே தலையாட்டுனே? உன்ற கழுத்தப் புடிச்சு யாராச்சும் ஆட்டுனாங்களா? போ அக்கட்டால!"

உதயகுமார் போனார். ஸ்கூட்டர் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதைத் தள்ளிக்கொண்டே தெருமுனைவரை நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்று பார்த்தது. நானும் ஜன்னலில் நின்று கடைசிவரை பார்த்தேன்.

திரும்பியபோது அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "அவனே ஒத்துக்கிட்டானல்லோ. இனி யாரும் ஒண்ணும் பேசமுடியாது" என்றாள்.

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஐந்து வருடம் காத்திருந்தேன். அது வந்ததும் எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. நான் வாயால் சொன்னபோது நம்பவில்லை. அழுது சொன்னபோது நம்பவில்லை. டம்ளரைக் காட்டியபோது நம்பவில்லை. ஒரு திருட்டுத் தலையாட்டல் சொன்னதும் நம்புகிறாள். பெற்ற மகளைவிட உதயகுமாரின் கழுத்து பெரிதாகப் போயிற்று.

"அம்மா, அந்தாளு சொன்னது நெசம். அவன் எதையும் ஒத்துக்கல. வேற எதுக்கோ தலையாட்டுனதை நானும் தொட்டையனும் ஒட்டவெச்சோம். டிவில வந்தது பூராப் பொய்யி. இப்பச் சொல்லு. நான் அன்னைக்கு வேண்டாம்னு சொன்னேன். அதுக்குச் சாட்சி கிடையாது, கேசட்டு கிடையாது. என்ற வாய் மட்டுந்தான் இருக்குது. நம்பறயா, இல்லயா?"

அம்மா சுருட்டிய பாயைச் சுவரோரம் நிறுத்தினாள். அது சரிந்தது. மறுபடி நிறுத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கே நம்புனேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நீ வந்து சொன்னியே, நான் அரிசி பொடச்சிக்கிட்டிருந்தேன், அப்பவே நம்புனேன். பேடான்னுதான் சொல்லியிருப்பே. உன்னையத் தெரியாதா எனக்கு?"

"அப்புறம் எதுக்கும்மா? அஞ்சு வருஷம்?"

"வவுறு எரிஞ்சுது" என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை. "பதினாறு வயசுல என்னையக் கட்டிக் குடுத்தாங்க. கதவுக்குப் பொறத்தால நிக்க வெச்சே முடிச்சுப்போட்டாங்க. உங்கொப்பன் குடிச்சுப்போட்டு வந்து அடிச்ச அடி உனக்குத் தெரியும். என்னைய ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல. நீ என்னடான்னா ஊரறிய உக்காந்து காபியக் குடிச்சு, பேடான்னு சொல்லிப்போட்டு, சிரிச்சிக்கிட்டு வந்து நின்னே. அவன் மூஞ்சி போன போக்க நடிச்சுக் காட்டுனே. தாங்கல எனக்கு. டிவில உன்னையக் குனியவெச்சுக் காட்டுனப்போ, பெத்தவ சொல்லப்படாது, உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. சொல்லிக்காட்டுனா உனக்கு நோகும்னு தெரிஞ்சுதான் சொல்லிக்காட்டுனேன்."

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். உதயகுமாருக்கு ஐந்து வருடம் திட்டம் போட்டேன். அதே ஐந்து வருடம் எனக்கு மூன்று வேளையும் சோறு போட்டுக்கொண்டே ஒருத்தி என்னைப் பழிவாங்கியிருக்கிறாள். அதை மன்னித்தேனா என்றால், இல்லை, இன்றுவரை இல்லை. அந்த நிமிடம் அவளுக்கு வலிக்கிற மாதிரி எதையாவது கேட்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

"சரி, இப்ப நான் கேக்கறேன்" என்றேன். "அப்பா உன்னையப் பாக்க வந்தன்னைக்கு, உன்ற பதிலு என்னன்னு கேட்டிருந்தா என்னம்மா சொல்லியிருப்பே?"

அம்மா யோசிக்கவே இல்லை. என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வேண்டாம்னு" என்றாள்.